காய்ப்பு என்று நினைத்தது

கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் இடுகிற வீடு எங்களுடையது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் பாதத்தில் தரை படுகிற இடமெல்லாம் காய்ப்பு விழும். அதனால் இடது பாதத்தின் வெளிப்பக்கம் சுண்டைக்காய் அளவில் ஒன்று தடித்தபோது யாரும் சட்டை செய்யவில்லை. அத்தை எருக்கம்பால் வைக்கச் சொன்னார். தோல் வெந்ததுதான் மிச்சம்.

நாலு வருஷத்தில் அது நெல்லிக்காய் அளவானது. வலியே இல்லை, வலித்திருந்தால் முன்பே ஓடியிருப்பேன். ஒரு கிளினிக்கில் கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துத் தைத்துவிட்டார்கள். எடுத்த சதை பரிசோதனைக்குப் போகவில்லை. வாளியில் விழுந்ததை நானே பார்த்தேன், கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. பாதி அவர்கள் மேல், பாதி என் மேல்.

எட்டே மாதத்தில் தழும்பிலேயே மறுபடி, இந்தத் தடவை ரெண்டு முண்டாக. பாளையங்கோட்டையில் ஒரு தோல் மருத்துவர் அந்த இடத்தைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். "கொழுப்புக் கட்டின்னா தோலுக்கு அடியில வழுக்கும். இது தோலோடயே வருது பாருங்கம்மா." கொஞ்சம் சதை எடுத்து, ஃபார்மலின் பாட்டிலில் போட்டு எங்கள் கையிலேயே கொடுத்தார். மஞ்சப்பையில் வைத்து, ஆட்டோவில் லேப் வரை மடியைவிட்டு இறக்காமல் கொண்டுபோனேன்.

நூல் நூற்கிற கதிர் வடிவ செல்கள் பாய் முடைந்த மாதிரி பின்னிக் கிடக்கின்றன என்று ரிப்போர்ட். பத்தமடைக்குப் பக்கத்து ஊர்க்காரிக்கு வேறெப்படி வரும் என்று என் வீட்டுக்காரர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்புறம் சிடி34 என்கிற சாயப் பரிசோதனை, அதுவும் பாசிட்டிவ். டெர்மடோஃபைப்ரோசார்கோமா ப்ரோட்டூபரன்ஸ், தோலில் வருகிற ஒரு வகைப் புற்றுநோய். அத்தைக்கு இன்றுவரை அந்தப் பேர் வாயில் நுழையவில்லை.

பெரும்பாலும் நெஞ்சு, முதுகு, தோள் பக்கம் வருகிற நோயாம், பாதத்தில் அபூர்வம். உடம்பில் வேறிடத்துக்குப் பரவுவது நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவு என்றார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற கட்டியைத் தாண்டி வேர் மாதிரி ஓடியிருக்கும், மிச்சம் வைத்தால் அங்கேயே முளைக்கும். அதனால் எம்ஆர்ஐ எடுத்துவிட்டு, சுற்றிலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் நல்ல தோலையும் சேர்த்து ஆழமாக வெட்டினார்கள்.

பாதத்தில் இழுத்துத் தைக்கத் தோல் ஏது? உடனே மூடவும் இல்லை. ஓரமெல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் வரட்டும் என்று புண்ணைக் கட்டுப் போட்டே வைத்திருந்தார்கள். அந்தப் பத்து நாள்தான் நரகம். அப்புறம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், காலைவிடத் தொடைதான் காந்தியது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகிறேன். டாக்டர் தழும்பை அழுத்தி அழுத்திப் பார்க்கிறார், சரி போங்க என்கிறார். அப்பளம் இடும்போது இப்போது இடது காலை நீட்டிக்கொண்டுதான் உட்காருகிறேன்.