பிராசசர் பாக்கறதுக்கு முன்னாடி கேமரா மெனுவைப் பாருங்க

எடிட்டிங்குக்கு எந்த பிராசசர் வாங்கலாம்னு யார் கேட்டாலும் நான் முதல்ல திருப்பிக் கேக்கறது இதுதான், எந்த கேமராவுல ஷூட் பண்றீங்க, என்ன செட்டிங்ல? ஐ7-ஆ ரைசன் 7-ஆ, எத்தனை கோர் (சிப்புக்குள்ள தனித்தனியா கணக்குப் போடற பகுதி)ங்கிற பேச்செல்லாம் அதுக்கப்புறம்தான்.

கல்யாண வீடியோ பண்றவங்களையே எடுத்துக்கோங்க. முகூர்த்தம், ரிசப்ஷன்னு ரெண்டு மூணு கேமரா புட்டேஜ் வருது, இப்ப கேனான் ஆர்6 மாதிரி கேமராவுல லாக் (பின்னாடி கலர் பண்றதுக்காக மங்கலா எடுக்கற மோட்) போட்டு எடுத்தா அது எச்.265-ங்கிற வீடியோ சுருக்க முறையில, 10 பிட், 4:2:2-வா (கலர் விவரம் கூடுதலா வெச்சிருக்கிற வகை) ரெக்கார்ட் ஆகும். கலர் பண்றப்ப இது ரொம்ப நல்ல விஷயம், 8 பிட்ல ஒரு கலருக்கு 256 படி இருந்தா இதுல 1024 படி, பட்டுப்புடவை சிவப்பும் மேடை லைட்டும் உடையாம நிக்கும். ஆனா எடிட்டிங் சாஃப்ட்வேர்ல கிளிப்பை வரிசையா அடுக்கற டைம்லைன்ல போட்டு பிளே பண்ணா பல சிஸ்டம் திணறும், பாத்தா சிபியூ, அதாவது பிராசசர், 100 சதவீதத்துல நிக்குது, பக்கத்துல கிராஃபிக்ஸ் கார்டு சும்மா உக்காந்திருக்கு.

காரணம் அந்த ஃபைல் எழுதப்பட்டிருக்கிற விதம். எச்.265-லயும் அதுக்கு முந்தின எச்.264-லயும் எல்லா ஃப்ரேமும் முழுசா இருக்காது, இடையிடையே ஒரு ஃப்ரேமை முழுசா வெச்சுட்டு மத்ததுக்கெல்லாம் என்ன மாறிச்சுங்கிறதை மட்டும் வெச்சிருக்கும். கடைக்கணக்கு நோட்டுல முதல் பக்கத்துல மட்டும் மொத்தத்தை எழுதிட்டு அப்புறம் வரவு செலவை மட்டும் எழுதிட்டே போனா, நடுவுல ஒரு நாள் கையில எவ்வளவு இருந்துச்சுன்னு தெரிய முதல்ல இருந்து கூட்டிட்டு வரணும் இல்லையா, அதே வேலைதான். நீங்க மவுஸை இழுக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கணக்கு நடக்குது.

இந்தக் கணக்கைப் போடறதுக்குன்னே சிப்புக்குள்ள தனி சர்க்யூட் இருக்கு. இன்டெல்ல அதுக்கு குவிக் சிங்க்னு பேரு, 2011-ல சாண்டி பிரிட்ஜோட வந்தது. எச்.265 4:2:2 10 பிட்டை டெஸ்க்டாப்ல 11-வது ஜெனரேஷன்ல இருந்து அது படிக்கும். என்விடியாவுல ஆர்டிஎக்ஸ் 40 சீரீஸ் வரைக்கும் 4:2:2-வை படிக்காது, 2025-ல வந்த 50 சீரீஸ்லதான் சேர்த்தாங்க. ரைசன் 7000-க்குள்ள இருக்கிற குட்டி கிராஃபிக்ஸும் 4:2:2 படிக்காது. ஆப்பிள்ல எம்1-ல இருந்தே இருக்கு, அதனாலதான் ஃபேன் கூட இல்லாத மேக்புக் ஏர்ல இந்த ஃபைல் ஸ்மூத்தா ஓடறதைப் பாத்து ஆச்சரியப்படறாங்க.

இப்ப கடைல நடக்கறதைப் பாருங்க. "சார் நீங்கதான் ஆர்டிஎக்ஸ் 4060 போடறீங்களே, 12400 எதுக்கு, 12400எஃப் எடுங்க, காசு மிச்சம்"னு சொல்லுவாங்க. கேம் ஆடறவருக்கு அது சரியான யோசனை. எடிட்டருக்கு இல்ல. அந்த எஃப் எழுத்துக்கு உள்ள கிராஃபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம், கிராஃபிக்ஸ் இல்லைன்னா குவிக் சிங்க்கும் இல்ல, 4060-க்கும் 4:2:2 தெரியாது, மொத்த பாரமும் கோர் தலையில வந்து விழுது. சின்ன தொகையை மிச்சம் பிடிச்சு ஒவ்வொரு நாள் வேலையையும் மெதுவாக்கறது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

சோனிக்காரங்க இன்னொண்ணும் கவனிக்கணும். கேமராவோட ரெக்கார்டிங் ஃபார்மேட்டுல எக்ஸ்ஏவிசி எஸ்-ல 4:2:2 வெச்சா அது எச்.264, அதை 12, 13, 14-வது ஜெனரேஷன் குவிக் சிங்க் எடுத்துக்காது. எக்ஸ்ஏவிசி எச்எஸ் வெச்சா எச்.265, அது ஓடும். மெனுவுல இருக்கிற ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

அதுக்காக கோர் எண்ணிக்கை வேண்டாம்னு சொல்லல, எஃபெக்ட், நாய்ஸ் ரிடக்ஷன், சாஃப்ட்வேர் எக்ஸ்போர்ட்னு வந்தா 6 கோருக்கும் 14 கோருக்கும் நல்லாவே தெரியும். ஐ5-13500 மாதிரி ஒண்ணு, 32 ஜிபி ரேம், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, இதுவே கல்யாண வேலைக்கு தாராளம்னு நான் நினைக்கிறேன். ஆனா எக்ஸ்போர்ட்டை ராத்திரி போட்டுட்டு தூங்கிடலாம், டைம்லைன் முன்னாடி பகல் முழுக்க நீங்கதான் உக்காரணும், அதனால நான் எப்பவும் டைம்லைன் பக்கம்தான். பேருல எக்ஸ்3டி வர்ற ரைசன் எல்லாம் கேமுக்கு அருமை, அதுல இருக்கிற கூடுதல் கேஷ் (சிப்புக்குள்ள இருக்கிற வேகமான மெமரி) எடிட்டிங்ல பெருசா உதவாது. பழைய சிஸ்டமே வெச்சிருக்கிறவங்க ப்ராக்ஸி (எடிட் பண்றதுக்கு மட்டும் லேசான காப்பி) போட்டுக்கிட்டா போதும், புதுசு வாங்கவே வேண்டாம்.

13, 14-வது ஜெனரேஷன் வாங்கினா பயாஸ் (மதர்போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட் கண்டிப்பா பண்ணுங்க, வோல்டேஜ் பிரச்னையில சிப் கெட்டுப்போறதைத் தடுக்க இன்டெல் 2024-ல மைக்ரோகோட், அதாவது சிப்புக்கான திருத்தம், விட்டிருக்கு. அப்படியே அந்த பயாஸ்லயே உள் கிராஃபிக்ஸ் ஆன்ல இருக்கான்னு பாருங்க, தனி கார்டு சொருகினதும் சில போர்டு அதை அணைச்சிடும். கடையிலயே உங்க கேமரா கிளிப் ஒண்ணை ப்ரீமியர்ல ஓட்டி, டாஸ்க் மேனேஜர்ல இன்டெல் ஜிபியூ கீழ வீடியோ டீகோட் கிராஃப் ஏறுதான்னு பாத்துட்டு அப்புறம் பில் போடச் சொல்லுங்க.