தன் கடனும் என் கடனும்

'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற வரியை அலுவலகச் சுவர்களிலும் பணி ஓய்வு வாழ்த்து மடல்களிலும் பார்த்துப் பழகிவிட்டோம். அப்பர் அதைப் பாடிய தலம் காட்டுமன்னார்கோயிலை அடுத்த மேலக்கடம்பூர். அந்த ஒரு வரிக்காகவே அங்குள்ள அமிர்தகடேஸ்வரர் கோயிலுக்குப் போனேன்.

கருவறையே ஒரு தேர். குனிந்து பார்த்தால் அடித்தளத்தில் கல்லில் வடித்த சக்கரங்கள்; இழுத்துச் செல்லக் கற்குதிரைகள். இன்றுள்ள கற்கோயில் முதலாம் குலோத்துங்க சோழன் (1070-1120) காலத்தது. ஆனால் 7ஆம் நூற்றாண்டிலேயே அப்பர் இதைக் 'கரக்கோயில்', அதாவது தேர் வடிவக் கோயில், என்று பாடிவிட்டார். தேவர்களின் தாய் இங்கு வந்து வழிபட்டாளாம். தாய்க்கு அலைச்சல் வேண்டாமென்று இந்திரன் கோயிலையே தேராக்கி இழுத்துப் போகப் பார்க்க, விநாயகர் கால் விரலால் சக்கரத்தை அழுத்திவிட்டார் என்கிறது தலபுராணம். பாவம், பிள்ளை நல்லதைத்தான் நினைத்தான். ஆனால் அந்த நடையும் அவள் வழிபாட்டில் சேர்ந்ததுதானே!

சந்நிதியில் நின்று பாடலை முழுதாகச் சொல்லிப் பார்த்தேன். நாம் மேற்கோள் காட்டுவது பின்பாதியை மட்டும். அதற்கு முன்னால் 'தன்கடன் அடியேனையும் தாங்குதல்' என்று இருக்கிறது. முதலில் இறைவனுக்கு ஒரு கடமையை ஒதுக்கிவிட்டுத்தான் அப்பர் தன் கடமையைச் சொல்கிறார். 'அடியேனையும்' என்பதிலுள்ள அந்த 'உம்' என்னை நிறுத்திவிட்டது. சமணம் சென்று, சூலை எனும் வயிற்று நோயில் துடித்து, தமக்கை திலகவதியாரின் திருநீற்றால் மீண்டவர் அல்லவா? 'என்னைப் போன்றவனையும்' என்றுதான் என் காதில் விழுந்தது.

'பக்தி' என்ற சொல்லும் அப்போது நினைவுக்கு வந்தது. வடமொழியில் 'பஜ்' என்பது அதன் வேர். பங்கிடுதல், பங்குகொள்ளுதல் என்று பொருள். வழிபாடு, பேரன்பு என்பதெல்லாம் அதிலிருந்து விரிந்தவை. இந்தப் பாடலோ இறைவனை 'நங்கடம்பனைப் பெற்றவள் பங்கினன்', அதாவது முருகனைப் பெற்ற உமையைத் தன் பங்கில் உடையவன், என்றே தொடங்குகிறது. உடலில் பாதியை உமைக்குக் கொடுத்தவனிடம்தான் அப்பர் கடமையையும் பங்கு பிரிக்கிறார். அந்த வரியை அலுவலகச் சுவரில் எழுதுகிறவர்கள் தாங்க வேண்டியவரின் பாதியையும் சேர்த்து எழுதினால் தேவலை.

இங்கே ரிஷபத்தின் மேல் பத்துக் கரங்களுடன் ஆடும் நடராஜர் உண்டு. வங்கத்தை ஆண்ட பால மன்னர்களின் கலைப் பாணியில் அமைந்த திருமேனி. பிரதோஷ நாளில் மட்டுமே தரிசனம் என்பதால் எனக்குக் கிடைக்கவில்லை. போகிறவர்கள் பஞ்சாங்கம் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.