கிழியிலும் குழம்பிலும்: பாங்காக் நாட்குறிப்பு

செப்டம்பர் 4, 2025, வியாழன், இரவு

சென்னை விமான நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை மீலாது நபி விடுமுறை, தொடர்ந்து சனி, ஞாயிறு. வருடப் பிறப்பிலிருந்தே பேங்க் இந்த வெள்ளிக்கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். டீச்சர், பேங்க், பிசியோ, நான் என்று நான்கு பேர். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். இப்போது அவரவர் வேலையே அவரவர் பெயராகிவிட்டது. நாளை ஆசிரியர் தினமும்கூட. மாணவர்களின் கவிதைகளைக் கேட்காமல் தப்பித்ததில் டீச்சருக்கு இரட்டைச் சந்தோஷம்.

ஏன் பாங்காக் என்றால், மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நமக்கு விசா வேண்டாம், இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும். திட்டமும் பெரிதாக இல்லை. உடம்பைப் பிடித்துவிடச் சொல்வது, சாப்பிடுவது, அவ்வளவுதான். துணிக்கடைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று பேங்க் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவள் மட்டும் சைவம். மீன் சாஸ் இல்லாமல் எதுவும் சமைக்காத ஊரில் இவளுக்கு என்ன கிடைக்கும் என்று நாங்கள் மூவரும் கவலைப்படுகிறோம். அவள் பையில் புளிக்காய்ச்சல் இருக்கிறது, அதனால் நிம்மதியாகத் தூங்குகிறாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

விடியும் நேரத்தில் சுவர்ணபூமியில் இறங்கினோம். கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளியதில் போனது தூக்கம்தான். ரயிலில் நகருக்குள் வந்து, சிலோம் சாலை அருகே விடுதியில் பைகளைப் போட்டோம். அறை மதியம்தான் கிடைக்கும் என்றார்கள். சரி, சாப்பிடலாம் என்று கிளம்பிவிட்டோம்.

பக்கத்துச் சந்தில் ஒரு ஈசான் கடை. ஈசான் என்பது லாவோஸை ஒட்டிய வடகிழக்குப் பகுதி. அங்கிருந்து பிழைப்புக்கு வந்தவர்கள்தான் இந்த நகரத்தில் டாக்சி ஓட்டுவதும், தெருவில் கோழி சுடுவதும், மசாஜ் கடைகளில் முதுகு பிடிப்பதும் பெரும்பாலும். சோம் தம் கேட்டோம், பச்சைப் பப்பாளி சாலட். மண் உரலில் பூண்டும் மிளகாயும் போட்டு மர உலக்கையால் ஒரு குத்து. பிறகு பனை வெல்லம், காராமணிக்காய், தக்காளி, பச்சைப் பப்பாளிச் சீவல், காய்ந்த இறால், வேர்க்கடலை, எலுமிச்சைச் சாறு, மீன் சாஸ். நைய இடிப்பதில்லை, சாறு இறங்கும் அளவுக்குத் தட்டுவதோடு சரி. எத்தனை மிளகாய் என்று கடைக்கார அம்மா விரலைக் காட்டிக் கேட்டார். ஆந்திரா மெஸ்ஸில் பழகிய திமிரில் டீச்சர் ஐந்து விரலையும் விரித்தாள். அப்புறம் அரை மணி நேரம் அவள் பேசவே இல்லை. விடுதி அறையில் இருந்த காலத்திலும் இப்படி ஒரு அமைதியைப் பார்த்ததில்லை.

மூங்கில் கூடையில் ஒட்டரிசி வந்தது. கையால் பிடி பிடியாக உருட்டி, சுட்ட கோழியோடு தொட்டுக்கொண்டு சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடுவதில் நமக்கு யார் பாடம் எடுக்கப்போகிறார்கள்?

பேங்கின் பிரச்சினை இரண்டு கடை தள்ளித் தீர்ந்தது. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து இருந்தால் அது 'ஜே' கடை. சீனர்கள் கொண்டுவந்த விரதச் சாப்பாடு. கறி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது, பூண்டு வெங்காயமும் கிடையாது. வெறுமனே சைவம் என்று சொன்னால், கறித்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீன் சாஸோடு கொடுத்துவிடக்கூடும். ஜே என்றால் விரதம் சம்பந்தப்பட்டது, சமைப்பவருக்கே பயம் இருக்கும். "எங்க வீட்ல பூண்டு ரசமே வைப்போமேடி" என்று முணுமுணுத்துக்கொண்டே பேங்க் இரண்டு தட்டு காலி செய்தாள்.

மதியம் விடுதியிலேயே ஸ்பா. இதைப் பற்றி அதிகம் எழுதும் எண்ணமில்லை. மங்கல் விளக்கு, அலைச் சத்தம், ஆர்க்கிட் மிதக்கும் பித்தளைப் பாத்திரம். தொண்ணூறு நிமிடத்தில் கால் கழுவவும் படிவம் நிரப்பவும் தேநீர் குடிக்கவும் போனது போக மிச்சம்தான் மசாஜ். அதுவும் எண்ணெயைத் தடவி வழிப்பதோடு சரி. பட்டியலில் போட்டிருந்த விலைக்கு மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், வரி ஏழு சதவீதம். ரசீதைப் பார்த்ததும் இறங்கியிருந்த தோள் மறுபடி காதுவரை ஏறிவிட்டது.

மாலையில் நானும் பிசியோவும் சந்துக்குள் இருந்த ஒரு சாதாரணக் கடைக்குப் போனோம். ஒரு மணி நேரம் 300 பாட், பாட்டுக்கு இரண்டரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். வாசலில் காலைக் கழுவிவிட்டு, தொளதொளப்பான பருத்திச் சட்டையும் கால்சட்டையும் கொடுத்தார்கள். தரையில் மெத்தை, எண்ணெய் கிடையாது. எனக்கு வந்த அக்கா என் தோள் உயரம்கூட இல்லை. ஆனால் முழங்கையைத் தொடையில் ஊன்றியபோது அவருடைய மொத்த எடையும் அந்த ஒரு புள்ளியில் இறங்கியது. கட்டைவிரல், உள்ளங்கை, முழங்கை, முழங்கால், பாதம் என்று ஒவ்வொன்றாகக் களத்தில் இறக்கினார். 'பௌ பௌ' என்றால் மெல்ல என்று பிசியோ சொல்லிக்கொடுத்திருந்தாள். சொன்னேன். சிரித்துக்கொண்டே அதே அழுத்தம்.

சுவரில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இன்றுதான் அவர்கள் நாடாளுமன்றத்தில் புதிய பிரதமருக்கு ஓட்டெடுப்பு. அனுதின் சார்ன்விரகுன் ஜெயித்துவிட்டார். 2022-ல் சுகாதார அமைச்சராக இருந்து கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தவர். சிலோம் முழுக்கப் பச்சை இலைப் பலகைகள் தொங்குவதற்கு அதுதான் காரணம். கடையில் இருந்த எல்லாருக்கும் ஒரு கண் திரையில், ஒரு முழங்கை எங்கள் முதுகில். ஓட்டு எண்ணிக்கை ஏறும்போதெல்லாம் அழுத்தமும் ஏறியதாக எனக்குப் பட்டது.

செப்டம்பர் 6, சனி

சிலோமிலிருந்து மெட்ரோவில் சனாம் சாய். நிலையமே அரண்மனை மண்டபம் மாதிரி தூண்களோடு இருக்கிறது. அங்கிருந்து வாட் போ கோயிலுக்கு நடந்துவிடலாம். வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் 300 பாட்.

சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். கூடத்துக்குள் எங்கு நின்றாலும் அவர் முழுதாகக் கண்ணில் அடங்குவதில்லை. பாதங்களில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள். பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டுக்கொண்டே போக வேண்டும். டீச்சர் ஒன்றுகூட விடாமல் போட்டாள்.

ஆனால் நான் வந்தது புத்தருக்காக மட்டும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராமா மன்னர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தபோது, மருத்துவம் உட்பட அன்று தெரிந்த கல்வியையெல்லாம் கல்லில் வெட்டிச் சுவர்களில் பதிக்கச் செய்தார். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் வந்து படித்துக்கொள்ளலாம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தக் கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. அவற்றில் மனித உருவம் வரைந்து, எங்கே அழுத்தினால் எந்த வலி போகும் என்று கோடு போட்டுக் காட்டிய பலகைகள் உண்டு. அந்தக் கோடுகளுக்கு 'சென்' என்று பெயர், முக்கியமானவை பத்து. அவற்றில் முதல் மூன்றும் இத்தா, பிங்கலா, சுமனா. நம் சித்தர்கள் சொல்லும் இடகலை, பிங்கலை, சுழுமுனை நாடிகளைத் தெரிந்தவர்களுக்கு அறிமுகமே தேவையில்லை. இந்த வைத்தியத்துக்கு ஆதி குரு என்று அவர்கள் கும்பிடுவதும் புத்தருக்கு வைத்தியம் பார்த்த ஜீவகரைத்தான்.

பிசியோ பலகைகளின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். "இந்தக் கோடு எந்த உடற்கூறு புத்தகத்துலயும் கிடையாது. ஆனா பாதி இடத்துல இவங்க விரல் வைக்கிற புள்ளியும் நாங்க வைக்கிற புள்ளியும் ஒண்ணுதான்" என்றாள். தோட்டத்தில் முனிவர் சிலைகள். ஒருவர் காலைத் தூக்கித் தோளில் வைத்திருக்கிறார், ஒருவர் முதுகைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளிக்கிறார். முதலில் 80 சிலைகள் வார்த்தார்களாம், இன்று கால்பங்கு போலத்தான் மிச்சம். முகம் சுளிக்கும் முனிவரை நான் இதுவரை எந்தக் கோயிலிலும் பார்த்ததில்லை. மரியாதை கூடிவிட்டது.

கோயில் வளாகத்திலேயே மசாஜ் மண்டபம் இருக்கிறது. 1955-ல் இங்கே தொடங்கிய பள்ளியில் படித்தவர்கள்தான் நாடெங்கும், ஏன், உலகெங்கும் போயிருக்கிறார்கள். 'நுவாத் தாய்' என்ற இந்த மசாஜை 2019-ல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபாகவும் அறிவித்தது. கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள், தடுப்பு கிடையாது, பாட்டு கிடையாது. அரசு ஆஸ்பத்திரி வார்டு போல எல்லார் முனகலும் எல்லாருக்கும் கேட்கும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. இங்கே யாரும் உங்களை ராணியாக நடத்துவதில்லை. வலி எங்கே என்று கேட்டு, அங்கே கை வைக்கிறார்கள்.

படுக்கும் முன் பிசியோ எங்களை வரிசையாக விசாரித்தாள். டிஸ்க் பிரச்சினை உண்டா? எலும்புத் தேய்மானம் உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் பாதம் பிடித்துவிடுவதோடு நிறுத்திக்கொள், கழுத்தைச் சொடக்க விடவே விடாதே என்றாள். பேங்குக்கு டிஸ்க். அவள் பாதத்தோடு நிறுத்திக்கொண்டு, எங்கள் முகங்களைப் படம் பிடித்தாள்.

நான் கிழி ஒத்தடமும் சேர்த்துக் கேட்டேன். வெள்ளைத் துணியில் மூலிகைகளைக் கட்டி, ஆவியில் சூடேற்றி, தோளிலும் இடுப்பிலும் ஒற்றுகிறார்கள். மஞ்சள், எலுமிச்சைப்புல், புளிய இலை, கற்பூரம், உப்பு, 'ப்ளாய்' எனும் ஒரு வகை இஞ்சி, இரட்டையாக ஒட்டியிருக்கும் எலுமிச்சை இலையும் அதன் பழத்தோலும். முதல் ஒற்றிலேயே வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது வரும் நாரத்தை இலை வாசம் மூக்கில் ஏறியது. உடம்பு தளர்ந்ததோ இல்லையோ, பயங்கரமாகப் பசித்தது.

பின்னே, வெளியே வந்து குடித்த தோம் யாம் சூப்பிலும் அதே இலைதான், அதே எலுமிச்சைப்புல்தான். கூடப் பேரரத்தை. நாம் சளிக்குக் கஷாயம் வைக்கும் அரத்தை இனத்தை இவர்கள் இறாலோடு கொதிக்கவிட்டு மேலே எலுமிச்சை பிழிகிறார்கள். பாங்காக்கில் ஸ்பா, சாப்பாடு என்று தனித்தனியாகப் பட்டியல் போட்டுக்கொண்டு வந்ததே வேடிக்கை. ஒரே தோட்டம்தான், பாதி கிழிக்குப் போகிறது, பாதி குழம்புக்குப் போகிறது.

சாயங்காலம் இரண்டு நிறுத்தம் தள்ளி வாட் மங்கோன், அதாவது சைனாடவுன். யாவ்வராத் சாலை ஐந்தாம் ராமா காலத்தில் போட்டது, ஒன்றரைக் கிலோமீட்டர். இன்று சீனர்களின் ஏழாம் மாதத்து முன்னோர் படையல் நாள் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. கடைவாசல்களில் தகர டின்களில் காகிதப் பணம் எரிந்த சாம்பல், படைத்து முடித்த வாத்தும் ஒட்டரிசிப் பலகாரமும் உள்ளே மேசையில். நமக்கும் திங்கட்கிழமை மகாளயபட்சம் தொடங்குகிறது. எள்ளும் தண்ணீரும் இறைப்பதற்கு இரண்டு நாள் முன்னால் இவர்கள் பணமே அனுப்பிவிட்டார்கள் என்றாள் பேங்க், தொழில் புத்தியில்.

மழை கொட்டியது. தகரக் கூரைக்குக் கீழே நின்றபடி சிப்பி ஆம்லெட் சாப்பிட்டோம். ஓரம் மொறுமொறு, நடு கொழகொழ. அடுத்தது மிளகுக் குழம்பில் சுருள் அரிசி நூடுல்ஸ். மிளகாய் நம் பக்கம் வருமுன் காரம் என்றால் எது என்று சந்தேகம் இருப்பவர்கள் அதை ஒரு வாய் குடித்துப் பார்க்கலாம். மாம்பழத்துக்கு இது பருவம் இல்லை, அதனால் ஒட்டரிசி மாம்பழத்தை விட்டுவிட்டோம். கடைசியாகப் பேங்குக்காக, சுடச்சுட இஞ்சித் தண்ணீரில் மிதக்கும் எள் பூரண உருண்டை. நான்கு கிண்ணம் வாங்கி, பிறகு மறுபடி வாங்கினோம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலை சிலோம் மாரியம்மன் கோயில். 1870-களில் இங்கே வந்த தமிழர்கள் கட்டியது. உள்ளே வரிசையில் நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் தாய்லாந்துக்காரர்கள். தேங்காய், வாழைப்பழம், செவ்வந்தி மாலை அடுக்கிய தட்டோடு அவ்வளவு பக்தியாக நிற்கிறார்கள். நாங்கள்தான் வெறுங்கையோடு போயிருந்தோம்.

வெளியே வந்ததும் டீச்சரின் மாமியாரிடமிருந்து போன். இன்றிரவு பூரண சந்திர கிரகணம். மூன்று யாமம் முன்னாலேயே சாப்பாடு முடிந்துவிட வேண்டும் என்று உத்தரவு. சென்னையில் கிரகணம் பிடிப்பது இரவு 9.57-க்கு. மூன்று யாமம் என்றால் ஒன்பது மணி நேரம், அதைக் கழித்தால் பகல் 12.57. பாங்காக் நேரம் 2.27 என்று பேங்க் கணக்குப் போட்டுக் கொடுத்தாள்.

ஒன்றரைக்கு உட்கார்ந்தோம். கடைசிச் சாப்பாடு ஆயிற்றே என்று டீச்சர் பாட் கிரபாவ் வாங்கினாள். கொத்திய பன்றிக்கறியைப் பூண்டு மிளகாயோடு அனல் பறக்க வதக்கி, இறக்கும்போது கைநிறைய இலை போட்டு, சோற்றின் மேல் பொரித்த முட்டையோடு தருவார்கள். அந்த இலை நம் துளசிதான். பேங்க் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "மாடத்துல வச்சு விளக்கேத்துறதைக் கறியில போட்டு வதக்குறாங்களேடி!" டீச்சர் ஒரு கரண்டி எடுத்து, கண்ணை மூடி, "பெருமாளே" என்று சொல்லி வாயில் போட்டாள். 2.25-க்குத் தட்டு காலி. காபி ஆகாரத்தில் சேராது என்பது அவளுடைய சொந்தத் தீர்ப்பு, விமான நிலையத்தில் இரண்டு முறை அமல்படுத்தினாள்.

விமானத்தில் ஜன்னல் இருக்கைக்கு அடித்துக்கொண்டோம், சிவப்பு நிலாவைப் பார்க்கலாம் என்று. நள்ளிரவில் பௌர்ணமி நிலா தலைக்கு மேலே இருக்கும், ஜன்னலில் தெரியாது என்று டீச்சர் சொன்னாள். அறிவியல் டீச்சர், முன்பதிவு செய்யும்போதே சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆபீஸ். கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறது. தொடையில் கட்டைவிரல் அளவு நீலம் ஒன்று. இரண்டு நாளில் போய்விடும், அடுத்த தடவை உரக்கச் சொல் என்று பிசியோ குரல் அனுப்பியிருக்கிறாள்.

வாங்கி வந்த உலர்ந்த கிழிகளில் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, சாயங்காலம் இட்லிப் பானையில் வைத்து அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்தேன். சூட்டை நம் உள்முழங்கையில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் சூடு உறைக்காமல் போகலாம். அம்மாவுக்கு வாசம் பிடித்திருக்கிறது, வலியைப் பற்றி நாளைக்குச் சொல்கிறேன் என்றார். ஒரு கிழி மூன்று நான்கு தடவை வரும், நடுவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வைத்திருக்கிறேன். ராத்திரி எழுந்து பாத்திரம் பாத்திரமாகத் திறந்து பார்க்கிறவர் வீட்டில் ஒருவர் இருப்பதால், 'சாப்பிட அல்ல' என்று மேலே சீட்டும் ஒட்டியாயிற்று.