மூன்று தரம் வாசித்தால் தீர்மானம்

நம் பள்ளியில் கணக்கு சாரிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவர்கள், அவர் தொடையில் தாளம் போடுவதை மறந்திருக்க மாட்டார்கள். தேர்வு அறையில் நின்றாலும் விரல் சும்மா இருக்காது. ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல், பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. ஆதி தாளம், எட்டு எண்ணிக்கை. அவர் மிருதங்கம் படித்தவர்.

இரண்டு மாறிச் சமன்பாடு நடத்திய வாரம் புத்தகத்தையே திறக்கவில்லை. எக்ஸ், ஒய்க்குப் பதிலாகப் பலகையில் இப்படி எழுதினார்: 3சொ + 2கா = 32.

"டேய், மிருதங்கக்காரர் தினமும் போடுற கணக்குடா இது."

ஆதி தாளத்தின் ஒவ்வோர் எண்ணிக்கையையும் நான்காகப் பிரித்தால் ஓர் ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு, 32 மாத்திரை. வாசிப்பை முடித்துவைக்கும் தீர்மானத்தில் ஒரே சொற்கட்டை (சொ) மூன்று தரம் வாசித்து, இடையில் இரண்டு இடத்தில் ஒரே அளவு இடைவெளி, அதாவது கார்வை (கா) விட்டு, சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, வந்து சேர வேண்டும். முன்வரிசைப் பையனைத் தாளம் போடச் சொல்லிவிட்டு, சார் வாயால் சொன்னார்: "தகதிமி தகஜொணு". நான்கு மாத்திரை மௌனம். மறுபடி அதே சொல், மறுபடி மௌனம். மூன்றாவது தரம் முடிந்ததும் சாரின் உள்ளங்கை மேசையில் விழ, அதே நொடியில் பையனின் தட்டும் விழுந்தது. சொல் 8, கார்வை 4.

மற்ற விடைகளை எங்களிடம் விட்டுவிட்டார். சொல் 10 என்றால் கார்வை 1. சொல் 6 என்றால் 7. சொல்லில் இரண்டு குறைந்தால் கார்வையில் மூன்று கூடுகிறது. சொல்லுக்கு 7 போட்டுப் பார்த்த ஒருத்தி, "சார், வரமாட்டேங்குது" என்றாள். 21 போக மீதி 11, அதை முழுசாக இரண்டு பங்கு போட முடியாது. 32-க்குள் ஒற்றைப்படைச் சொல் எதுவுமே உட்காராது என்று அப்போதுதான் புரிந்தது. "அப்ப வித்வான் என்ன பண்ணுவாரு?" என்றார் சார். ஒரு மாத்திரை தள்ளித் தொடங்குவார். 31 கிடைக்கும்; சொல் 7, கார்வை 5. விடை உண்டா இல்லையா என்பதையே முதலில் கேட்கலாம் என்று நான் கற்றது அந்த வகுப்பில்தான். பிற்பாடு கல்லூரியில் எண் கோட்பாடு படித்தபோது அது எனக்குப் பழகிய இடமாக இருந்தது.

இசையில் கணக்கு என்றால் பலரும் 72 மேளகர்த்தாவை, அதாவது தாய் ராகங்களைத்தான் சொல்வார்கள். 17-ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த அடுக்கு அது: மத்தியம சுரம் (ம) இரண்டு, ரி-க சேர்க்கை ஆறு, த-நி சேர்க்கை ஆறு, 2 × 6 × 6. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது உட்கார்ந்து அடுக்குகிற கணக்கு. லயத்தின், அதாவது தாளத்தின் கணக்கு ஓட ஓடப் போடுவது, பிசகினால் சபைக்கே தெரிந்துவிடும். எனக்கு லயம்தான் ஒரு படி மேல்.

அந்த வருஷம் சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் சுவாமி வரும்போது, எங்கள் வகுப்புப் பையன்கள் தவில்காரர் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு நடந்தோம். ஒவ்வோர் எண்ணிக்கையையும் ஐந்தாகப் பிரிக்கும் கண்ட நடைக்கு அவர் மாறினால் எட்டைந்து 40. சொல் 10, கார்வை 5 என்று ஒருவன் கத்துவான். சில நேரம் பிடிபடும். பல நேரம் எங்கள் விரலுக்குள் அடங்காத கோர்வையாக அவர் வாசித்துவிட்டுப் போய்விடுவார், நாங்கள் திரும்ப வாசிக்க மாட்டாரா என்று பின்னாலேயே போவோம்.

பள்ளிக்கு இந்த ஆண்டு என்ன வாங்கித் தரலாம் என்று நம் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். என் பங்கை ஒரு மிருதங்கத்துக்கும், வாரம் ஒரு மணி நேரம் வகுப்புக்கு வந்து வாசித்துக் காட்டும் வித்வானின் சம்பாவனைக்கும் ஒதுக்கச் சொல்லி எழுதிவிட்டேன். முதலில் ஒன்பதாம் வகுப்புக்கு, அதுவும் கணக்குப் பாடவேளையில்.