மரத்தூளும் பனிக்கட்டியும்: ஹபக்குக் கப்பலின் ஒரு துண்டை வீட்டில் செய்து பார்த்தேன்

இரண்டாம் உலகப் போரில் பனிக்கட்டியால் விமானந்தாங்கிக் கப்பல் கட்ட பிரிட்டன் போட்ட ஹபக்குக் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கிக் கதையில்தான் தொடங்குவார்கள். 1943 ஆகஸ்டில் கியூபெக் மாநாட்டில் மவுண்ட்பேட்டன் இரண்டு கட்டிகளைக் கொண்டுவரச் செய்து, நேச நாட்டுத் தளபதிகளின் முன்னிலையிலேயே சுட்டுக் காட்டினார். சாதாரணப் பனிக்கட்டி சிதறியது. மரக்கூழ் கலந்து உறையவைத்த மற்றதில் பட்ட குண்டு தெறித்துத் திரும்பி, அமெரிக்கக் கடற்படைத் தளபதி கிங்கின் கால்சட்டையை உரசிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். சுவையான கதைதான். ஆனால் அவ்வளவு உறுதியான பொருள் கையில் இருந்தும் கப்பல் ஏன் கட்டப்படவில்லை என்பதை அந்தக் குண்டு சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் குளிர்காலத்தில் கனடாவின் எட்மன்டனில் என் வீட்டு ஃப்ரீசரையும் பால்கனியையும் ஆய்வுக்கூடமாக்கினேன்.

அட்லாண்டிக் கடலின் நடுப்பகுதிக்குக் கரையிலிருந்து கிளம்பும் விமானங்கள் அப்போது போய்ச் சேர முடியவில்லை. ஜெர்மன் நீர்மூழ்கிகள் அங்கே சரக்குக் கப்பல்களை வேட்டையாடின. எஃகோ தட்டுப்பாடு. அதனால் பனிக்கட்டியிலேயே விமானந்தாங்கி கட்டலாம் என்றார் ஜெஃப்ரி பைக் என்ற ஆங்கிலேயர். ஏறத்தாழ 600 மீட்டர் நீளம், 20 லட்சம் டன்னுக்கு மேல் எடை! சர்ச்சிலுக்கும் யோசனை பிடித்துப்போயிற்று. குளிரும் மரமும் கனடாவில் தாராளம். எனவே பொறுப்பு கனடிய தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் தலைவராகச் செயல்பட்ட சி.ஜே. மெக்கன்சியிடம் வந்தது.

கலவையின் பெயர் பைக்ரீட். எடைக்கணக்கில் 14 பங்கு மரக்கூழ், 86 பங்கு தண்ணீர். சமையலறைத் தராசில் 140 கிராம் மரத்தூளை நிறுத்து, 860 கிராம் தண்ணீர் ஊற்றினால் ஒரு கிலோ கிடைக்கும். தச்சுப்பட்டறையில் மரத்தூளை இலவசமாகவே கொடுத்தார்கள். ரசாயனம் ஏற்றிய மரத்தின் தூள் வேண்டாம் என்று கேட்டு வாங்குவது நல்லது. சிக்கனம் பார்த்துத் தூளைக் குறைத்தால் எல்லாம் மேலே மிதந்துவிடும். அடியில் வெறும் பனிக்கட்டிதான் மிஞ்சும். சரியான அளவில் போட்டால் அது கெட்டியான கேழ்வரகுக் கூழ்போல் வருகிறது, ஊற்ற முடியாது, அள்ளித்தான் வைக்க வேண்டும். தூளைக் கொதிநீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, ரொட்டி அச்சில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து மரக்கரண்டியால் அழுத்தினால் உள்ளே காற்றுப்பொந்து விழாது. ஊறிய செய்தித்தாளை மிக்சியில் அரைத்தும் ஓர் அச்சு போட்டேன். இழைகள் நீளம் என்பதால் அது இன்னும் சீராக வந்தது. அந்த மிக்சியைப் பற்றி வீட்டில் எழுந்த விவாதம் இங்கே தேவையில்லை.

சுத்தியல் சோதனை ஏமாற்றவில்லை. வெறும் பனிக்கட்டி முதல் அடியிலேயே பிளந்து சோபாவுக்கு அடியில் போய் ஒளிந்தது. பைக்ரீட்டில் அடித்தால் 'தொப்' என்ற சத்தம் மட்டும் வருகிறது. மழுங்கிய பள்ளம் ஒன்று விழுகிறது, விளிம்பில் ஈரமான நார்கள் தலைநீட்டுகின்றன. விரிசல் கிளம்பினாலும் ஏதாவது ஓர் இழை குறுக்கே நின்று அதைத் தடுத்துவிடுகிறது. இரண்டையும் தட்டில் வைத்து அறைச்சூட்டில் விட்டபோதும் அப்படித்தான். பனிக்கட்டி தண்ணீராகிப் போன பிறகும் பைக்ரீட் நின்றுகொண்டிருந்தது. வெளிப்பக்கம் உருகியதும் ஈர மரத்தூள் ஒரு போர்வையாகத் தங்கிவிடுகிறது, வெப்பம் உள்ளே போவதற்கு நேரமாகிறது.

இதுவரை செய்தது எல்லாம் கியூபெக் கதையின் வீட்டுப் பதிப்பு. எனக்கு ஆர்வம் இதற்கு அடுத்த கட்டத்தில்.

நீளமான பைக்ரீட் சட்டம் ஒன்றை உறையவைத்து, பால்கனியில் இரண்டு செங்கற்களின் மேல் பாலமாக வைத்தேன். நடுவில் ஒரு டம்பெல்லைத் தொங்கவிட்டு, பின்னால் அளவுகோலை நிறுத்தினேன். கடுங்குளிர் இருந்தவரை அசையவே இல்லை. பிப்ரவரியில் குளிர் குறைந்து பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நின்ற நாட்களில், உருகாமல், விரிசல் விடாமல், நடுப்பகுதி மெல்ல இறங்கத் தொடங்கியது. காலையில் பார்த்ததைவிட மாலையில் தாழ்வு. உடைந்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். இது வெட்கமில்லாமல் வளைந்தது.

லண்டனில் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சிச் சந்தையின் அடியில் இருந்த குளிர்கிடங்கில், திட்டத்துக்காகப் பைக்ரீட்டை ஆராய்ந்த மாக்ஸ் பெருட்ஸ் கண்டதும் இதைத்தான். (பின்னாளில் ஹீமோகுளோபின் ஆய்வுக்காக 1962இல் வேதியியல் நோபல் பெற்ற அதே பெருட்ஸ்.) தன் பாரத்தால் தானே தொய்யாமல் இருக்க, பைக்ரீட்டை மைனஸ் 16 டிகிரி அளவில் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் கப்பலின் உடம்பு முழுவதும் குளிர்க்குழாய்கள் ஓட வேண்டும், குளிர்விக்கும் இயந்திரங்கள் வேண்டும், வெளியே தடித்த காப்புறை வேண்டும், உள்ளே எஃகு வேண்டும். எஃகை மிச்சம் பிடிக்கக் கிளம்பிய திட்டம் இது! தொடக்கத்தில் 10,000 டன் எஃகும் 7 லட்சம் பவுண்டும் போதும் என்று போட்ட கணக்கு, 1943 மே மாதத்துக்குள் 25 லட்சம் பவுண்டாக வீங்கியது. அதற்குள் நெடுந்தூரம் பறக்கும் லிபரேட்டர் விமானங்கள் வந்துவிட்டன, அட்லாண்டிக்கின் நடுவே உள்ள அசோர்ஸ் தீவுகளில் தளம் அமைக்க போர்ச்சுகல் இடம் கொடுத்தது. ஆண்டு முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் கனடாவின் பங்கு வெறும் கணக்கோடு நிற்கவில்லை. ஜாஸ்பருக்கு அருகே பட்ரீசியா ஏரியில் 1943 குளிர்காலத்தில் 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட, 1,000 டன் எடையுள்ள மாதிரி ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மேலே கூரை போட்டுப் படகுக் கொட்டகை என்று நினைக்கவைத்தார்கள். ஒரே ஒரு குதிரைத்திறன் மோட்டார் அதை உறைநிலையில் காத்தது. கட்டியவர்கள் யார் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஆயுதம் ஏந்தமாட்டோம் என்று மறுத்து, மாற்றுச் சேவைக்கு அனுப்பப்பட்ட மனச்சாட்சி மறுப்பாளர்கள். கனடாவில் அப்படி மறுத்தவர்களில் பெரும்பாலோர் மென்னனைட்டுகள் என்ற, போரை ஏற்காத கிறிஸ்தவப் பிரிவினர். நாள் கூலி 50 சென்ட். என்ன கட்டுகிறோம் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. போர் வேண்டாம் என்றவர்களின் கையாலேயே போர்க்கப்பலின் மாதிரியைக் கட்டவைத்ததைக் கெட்டிக்காரத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சென்ற இலையுதிர்காலத்தில் அந்த ஏரிக்குப் போயிருந்தேன், எட்மன்டனிலிருந்து மேற்கே காரில் நான்கு மணி நேரம். கரையிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. குழாய்களும் மரச்சட்டங்களும் அடியில் கிடக்கின்றன, மூழ்கிப் பார்ப்பவர்களுக்கு மட்டுமே காட்சி.

இப்போது அதே கலவையில் இன்னொரு சட்டம் செய்து, அதே டம்பெல்லோடு ஃப்ரீசருக்குள் மைனஸ் 18இல் வைத்திருக்கிறேன். அளவுகோலில் இதுவரை அசைவு தெரியவில்லை. மீனுக்கு இடமில்லை என்ற புகார் வலுத்து வருவதால், மார்ச் மாதம் முடியும்வரைதான் அனுமதி.