டிரம்பெட் வரிசை தன்னைத்தானே பார்த்த நாள்

நான் பயிற்சி கொடுக்கும் மார்ச்சிங் பேண்டில், அதாவது வாசித்துக்கொண்டே மைதானத்தில் நடந்து வடிவங்கள் அமைக்கும் இசைக்குழுவில், டிரம்பெட் பிள்ளைகளிடம் "வளைவு இங்கேதான் உடைகிறது" என்று பத்து முறையாவது சொல்லியிருப்பேன். இன்று உயரத்திலிருந்து எடுத்த இருபது நொடி வீடியோவைப் போட்டுக் காட்டினேன். டிரம்பெட் வரிசையே அமைதியாகிவிட்டது. அடுத்த முறை வளைவு சரியாக வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மார்ச்சிங் பேண்டில் வழக்கமாக 5 கெஜத்தை 8 காலடியில் கடக்க வேண்டும், அதாவது ஒரு காலடி 22.5 அங்குலம். வாசித்துக்கொண்டே, கீழே பார்க்காமல்! முன்பு அவரவர் நிற்க வேண்டிய இடத்தைத் தாளில் குறித்துக் கொடுப்போம். இப்போது பைவேர் மென்பொருளில் வரைந்த ட்ரில் (யார் எப்போது எங்கே நகர வேண்டும் என்ற வரைபடம்) பிள்ளைகளின் கைபேசியிலேயே அசைந்து ஓடுகிறது. பயிற்சிக்கு வரும்முன்பே பாதை மனதில் பதிந்துவிடுகிறது.

சீராகத் தட்டித் தாள வேகம் காட்டும் மெட்ரோனோமின் ஸ்பீக்கரை மட்டும் நான் பேண்டுக்குப் பின்னால்தான் வைப்பேன். ஒலி 50 மீட்டர் கடக்க ஏறக்குறைய 0.15 நொடி ஆகும். நிமிடத்துக்கு 160 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடைவெளியே 0.375 நொடிதான். ஸ்பீக்கரை முன்னால் வைத்தால் பின்வரிசை தாமதமாகக் கேட்டு, தாமதமாக வாசித்து, அந்த ஒலி முன்னால் வந்து சேர்வதற்குள் எல்லாம் குழம்பிவிடும். பின்னாலிருந்து வந்தால் தாளமும் இசையும் சேர்ந்தே பயணிக்கும்.

அப்புறம், கடைசி அரை மணி நேரம் மெட்ரோனோமையும் அணைத்துவிடுவேன். ஒருவரையொருவர் கேட்கப் பழக வேண்டுமே.

நாளை கிளாரினெட் பிள்ளைகளின் கால்களை ஸ்லோ மோஷனில் எடுக்கப் போகிறோம்.