பழைய சீக்கோ 5 எந்த வருஷத்தது?

குளச்சல், மார்த்தாண்டம் பக்கம் வளைகுடா போய் வந்தவர்கள் வீட்டு அலமாரியில் பழைய சீக்கோ 5 வாட்ச் ஒன்று கிடக்கும். வயதைப் பின்மூடியிலேயே படிக்கலாம்.

அங்குள்ள ஆறு இலக்க எண்ணில் முதலாவது, ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: செப்டம்பர் வரை 1 முதல் 9, அக்டோபருக்கு ஓ, நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. 820345 என்றால் 8-இல் முடியும் ஆண்டின் பிப்ரவரி. அக்டோபரின் ஓ பூஜ்யம் போலவே தெரியும், குழம்ப வேண்டாம்.

எந்தப் பத்தாண்டு? மூடியிலுள்ள இன்னொரு எண்ணின் முதல் நான்கு எழுத்து, உள்ளே இருக்கும் இயந்திரத்தின் எண். மேலே சொன்ன 8-இல் முடியும் வாட்சில் அது 7எஸ்26 என்றால் 1998-க்கு முன் போகவே முடியாது. அந்த இயந்திரம் வந்ததே 1996-இல். 7009 என்றால் 1978 அல்லது 1988. கொண்டுவந்தவரின் பழைய பாஸ்போர்ட் முத்திரையோடு ஒத்துப்பாருங்கள்.

உப்புக்காற்றும் வியர்வையும் எழுத்தை அடைத்திருக்கும். உப்புத்தாள் போடவே கூடாது, பொறிப்பு அவ்வளவு ஆழமில்லை. பல்குச்சியால் அழுக்கை எடுத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸில் படியுங்கள். தண்ணீர் வேண்டாம், பழைய ரப்பர் வளையம் இறுகிப்போயிருக்கும்.

மூடி மாற்றப்பட்ட வாட்சுகளும் நிறைய உண்டு. டயலின் அடி ஓரத்தில், 6 மணிக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் அதே இயந்திர எண் இருக்க வேண்டும். பொருந்தாவிட்டால் மூடியோ டயலோ வேறு வாட்சிலிருந்து வந்தது. அந்தத் தேதியை நம்பி விலை பேசாதீர்கள்.